சிகிச்சை முடியும்வரை அப்பா கதிரையிலேயே இருக்க வேண்டுமா?

தம்பிலுவிலிலிருந்து ஒரு வாசகி, 2025 ஜனவரி 9

அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. சிறுகுடலில் ஜிஸ்ட் என்ற புற்றுக் கட்டி, ஈரலுக்கும் பரவியிருக்கிறது. இப்போதைக்குச் சத்திரசிகிச்சை இல்லை, இமாட்டினிப் 400 மில்லிகிராம் குளிசை தினமும் ஒன்று என்று கொடுத்திருக்கிறார்கள். சிகிச்சை முடியும்வரை ஓய்வாக இருக்கட்டும் என்று சாகாமத்து வயலை அண்ணா பார்க்கிறார். அம்மா அவரைப் படலைக்கு வெளியே விடுவதில்லை. அவரோ நாள் முழுவதும் விறாந்தைக் கதிரையில் இருந்து றோட்டைப் பார்க்கிறார், யாரோடும் பேசுவதில்லை. குளிசை முடிந்ததும் பழையபடி ஆகிவிடுவார்தானே? இந்த வருத்தம் உள்ள யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

மகள், எனக்கும் அதே வருத்தம்தான். அதே இடம், அதே குளிசை, ஈரலிலும் புள்ளிகள். மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன், இப்போதும்.

குளிசை முடியாது. ஈரலுக்குப் பரவிய பிறகு, இமாட்டினிப் வேலை செய்யும்வரை அதைப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் சிகிச்சை. அது கேட்காமல் போனால் சுனிட்டினிப், பிறகு ரெகோராஃபெனிப் என்று அடுத்த மருந்துக்கு மாற்றுவார்கள். இதை யாராவது உங்களை இருத்திவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். 'முடியும்வரை ஓய்வு' என்றால் அவருக்கு இனிமேல் அந்தக் கதிரைதான். அவரை வயலுக்கு விடுங்கள்.

ஜனவரி 10

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு மனைவி, "ஒரு பிள்ளையிடம் இப்படியா எழுதுவது?" என்று கேட்டார். எழுதியதை மாற்றவில்லை. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்போது கடுமை குறையலாம்.

ஜிஸ்ட் வழக்கமான குடல் புற்று அல்ல. குடல் தானாகச் சுருங்கி விரிந்து உணவைத் தள்ளுகிறது அல்லவா, அதற்குத் தாளம் கொடுக்கிற கலங்கள் குடல் சுவரில் இருக்கின்றன. காஹால் கலங்கள் என்று பெயர். அந்த வகைக் கலங்களில்தான் இது தொடங்குகிறது. கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவன் நான். என் உடம்பில் கெட்டுப்போனதும் தாளக்காரன்தான் என்று வைத்தியர் விளக்கியபோது சிரித்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை.

உலகக் கணக்கில் பத்து இலட்சம் பேருக்கு வருடம் பத்து முதல் பதினைந்து பேர். அதைக் கிழக்கு மாகாணத்தின் சனத்தொகைக்குப் பொருத்தினால் ஒரு மினிபஸ்ஸில் எல்லோருக்கும் இருக்க இடம் கிடைக்கும். அதனால்தான் அயலில் ஒருவருக்கும் இந்தப் பெயர் தெரியாது. மார்புப் புற்று என்றால் பத்துப் பேர் பத்துக் கதை சொல்வார்கள், இதற்கு ஒருவரும் இல்லை.

2000க்கு முன் இது பரவிவிட்டால் செய்ய அதிகம் இருக்கவில்லை, வழக்கமான மருந்தேற்றல் (கீமோ) எதற்கும் இது மசியவில்லை. 2000 மார்ச்சில் பின்லாந்தில் ஒரு பெண்ணுக்கு, இரத்தப் புற்றுக்காகச் சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்த இமாட்டினிப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் சுருங்கின. 2002இல் அமெரிக்காவில் ஜிஸ்டுக்கு அனுமதி கிடைத்தது. அப்பா போடுவது அந்தக் குளிசைதான். குளிசை முடியாது என்று நான் சொன்னதன் மறுபக்கம் இது: முடியாமல் போட்டுக்கொண்டிருக்க ஒரு குளிசை இருக்கிறது.

ஜனவரி 12

ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி: "எனக்கு மூன்று வருடத்தோடு நிறுத்தலாம் என்றார்களே, நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்."

தம்பி, உங்களுக்குக் கட்டியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டார்கள், வேறெங்கும் பரவவில்லை. திரும்பி வரும் அபாயம் கூடியவர்களுக்கு வெட்டிய பின் மூன்று வருடம் கொடுப்பது வழக்கம். ஒரு வருடத்தைவிட மூன்று வருடம் நல்லது என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. நானும் தம்பிலுவில் ஐயாவும் வேறு வகுப்பு. பரவியவர்களிடம் குளிசையை நிறுத்திப் பார்க்கும் ஆய்வைப் பிரான்ஸில் செய்தார்கள். ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் நன்றாக இருந்தவர்களிடம் நிறுத்தினார்கள். பெரும்பாலோரிடம் அது மறுபடியும் வளர்ந்தது. திரும்பத் தொடங்கியபோது அநேகருக்கு மருந்து மறுபடியும் கேட்டது என்பது ஆறுதல். ஆனாலும் நன்றாக இருக்கிறதே என்று யாரும் வீட்டில் வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

ஜனவரி 19

காலையில் அப்பாவின் கண் இமைகள் வீங்கியிருக்கின்றன, அழுதாரா என்று கேட்கப் பயமாக இருக்கிறது என்று மகள் எழுதியிருக்கிறார்.

அழவில்லை. குளிசைதான். கண்ணைச் சுற்றி நீர் கோப்பது இதன் அடையாள முத்திரை, பகலில் வடிந்துவிடும். என்னைப் பார்த்துப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மற்றவனிடம், "சேர் இரவு நல்லாப் போட்டிருக்கிறார்" என்றான். ஊரில் எனக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உப்பைக் குறைத்தால் எனக்குக் கொஞ்சம் குறைகிறது. அதாவது கருவாடு. மட்டக்களப்பில் பிறந்தவனிடம் கருவாட்டைக் குறை என்பது பெரிய தண்டனை என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

தோலும் வெளுக்கும், நம்மைப் போன்ற கறுத்தத் தோலில் நன்றாகத் தெரியும். ஒரு கலியாண வீட்டில் தூரத்துச் சொந்தக்காரி, "நிறம் வந்து நல்லா இருக்கிறாய் தம்பி, என்ன பூசுகிறாய்?" என்று கேட்டார். கேட்டவருக்கு என் வருத்தம் தெரியாது. சொல்லவில்லை. பச்சைப்பயறு மா என்றேன்.

பெப்ரவரி 2

சாப்பாட்டைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். நாளின் பெரிய சாப்பாட்டோடு, ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு போடவேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் ஓங்காளம் கழுத்தைப் பிடிக்கும். விழுங்கக் கஷ்டமானால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. கிரேப் ஃபுருட் (திராட்சை அல்ல, தோடை வகைப் பழம்) கூடாது, அது இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். அதே குடும்பம் என்பதால் ஜம்போலாவையும் (பம்பளிமாஸ்) நான் தொடுவதில்லை. மற்றபடி மீன், இறால், எருமைத் தயிர், பிட்டு எல்லாம் சாப்பிடுகிறேன். சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினியால் செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் தேநீரைக் கசப்பாகக் குடிக்கட்டும். எனக்கு இரண்டு கரண்டி.

பெப்ரவரி 3

காத்தான்குடி நானா ஒருவர் அன்போடு ஒரு கசாயத்தின் செய்முறையை அனுப்பியிருக்கிறார். நானா, உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் இந்தக் குளிசை ஈரல் வழியாகத்தான் உடைகிறது. அந்த ஈரலில் கட்டியும் இருக்கிறது. அதே வழியில் கசாயத்தையும் அனுப்பினால், இரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் ஏறும்போது எதனால் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. வைத்தியர் முதலில் நிறுத்துவது குளிசையைத்தான். குடிக்கத்தான் வேண்டும் என்றால் போத்தலோடு கிளினிக்குக்குப் போய்க் காட்டிவிட்டுக் குடியுங்கள். ஒளித்துக் குடிப்பதுதான் ஆபத்து.

பெப்ரவரி 23

மகளிடமிருந்து செய்தி. அறுவடைக்கு அண்ணாவோடு அப்பா வயலுக்குப் போயிருக்கிறார். மிஷின் வெட்டும்போது வரம்பில் நின்று, நெல் சிந்துகிறது என்று சாரதியோடு சண்டை பிடித்தாராம். "வீட்டுக்கு வந்தும் சண்டைதான்" என்று முறையிடுகிறார். நல்ல செய்தி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 15

கணக்கு வாத்தியார் என்பதால் இதையும் எழுதவேண்டியிருக்கிறது. இணையத்தில் 'ஐந்து வருடம்' என்று வாசித்துவிட்டு ஒருவர் நடுங்கிப்போய் எழுதியிருக்கிறார். அந்த எண் இடையம். பத்தாம் வகுப்பில் படிப்பிக்கிறோம்: வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர். பாதிப் பேர் அவருக்கு அப்பால் நிற்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2000, 2001இல் ஒரு பெரிய ஆய்வில் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பத்து வருடத்துக்குப் பிறகும் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் உயிரோடு இருந்தார். அவர்கள் தொடங்கிய காலத்தில் இமாட்டினிப்புக்கு அடுத்தது என்று ஒரு மருந்தும் சந்தைக்கு வரவில்லை, சுனிட்டினிப் 2006இல்தான் வந்தது.

மற்ற மூவரைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். நியாயம். அந்த மூவரில் ஒருவனாக இருப்பேனோ என்று நினைக்காத இரவு குறைவு. அந்த நினைப்பை நான் விரட்டுவதில்லை, அது வந்து திண்ணையில் இருந்துவிட்டுப் போகட்டும். மறுநாள் முதலாம் பாடவேளைக்கு நான் போகவேண்டும்.

ஏப்ரல் 6

ஸ்கான் அறிக்கையில் 'அளவில் மாற்றமில்லை' என்றிருக்கிறதாம், வீட்டில் எல்லோரும் சோர்ந்துபோயிருக்கிறார்கள் என்கிறார் மகள்.

சோரவேண்டாம், அறிக்கையை மறுபடி எடுங்கள். ஜிஸ்டில் மருந்து வேலை செய்யும்போது கட்டி பல வேளை முதலில் சுருங்குவதில்லை, உள்ளே கரைந்து நீர்ப்பையைப் போல ஆகிறது. படத்தில் அதன் அடர்த்தி குறைந்து தெரியும். அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற அலகில் எழுதுவார்கள். அளவு பத்து வீதம் குறைந்தாலோ அடர்த்தி பதினைந்து வீதம் குறைந்தாலோ மருந்து கேட்கிறது என்று கொள்ளும் சோய் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. சில வேளை கட்டி கொஞ்சம் பெருத்தே தெரியும், உள்ளே செத்துக்கொண்டிருக்கும். ஆகவே கிளினிக்கில் கேட்கவேண்டியது "சுருங்கியதா?" என்பதல்ல, "அடர்த்தி என்ன, போன முறை என்ன?" என்பது. பழைய படத் தட்டை எப்போதும் கையோடு கொண்டுபோங்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழையது இல்லாவிட்டால் புதிய படத்துக்கு அர்த்தம் பாதிதான்.

நான் எதையும் ஸ்கானுக்கு ஸ்கான் திட்டமிடுகிறேன். எனக்கு அது ஏறத்தாழ ஒரு போகம்: விதைத்தால் மூன்றரை மாத நெல் வெட்டுக்கு வரும்போது அடுத்த படம். பத்து வருடத் திட்டம் என்றால் என் வாய் உலர்ந்துபோகிறது. ஒரு போகத்துக்குள் என்ன செய்யலாம் என்று கேட்டால் பட்டியலே வருகிறது. கூரை ஓடு மாற்றினேன், இளையவளுக்குச் சைக்கிள் பழக்கினேன், ஒரு மத்தளத்துக்குத் தோல் மாற்றினேன்.

ஏப்ரல் 7

நேற்று எழுதியது ஏதோ வீரனின் நாட்குறிப்பைப் போல இருக்கிறது. அதற்கு ஒரு பின்குறிப்பு: களைப்பு என்பது சோம்பல் அல்ல. சில நாட்கள் பள்ளியிலிருந்து வந்து சேர்ட்டைக் கழற்றாமலே படுத்துவிடுகிறேன். அப்படிப்பட்ட நாளில் அப்பா கதிரையில் இருக்க விரும்பினால் இருக்கட்டும். கதிரை அவருடைய தெரிவாக இருக்கவேண்டும், அம்மாவின் உத்தரவாக அல்ல. நான் சொல்லவந்தது அவ்வளவுதான். களைப்பு கூடினால் ஹீமோகுளோபினைப் பாருங்கள், இந்தக் குளிசையில் அது இறங்கும்.

"என்ன தைரியம் உங்களுக்கு" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தைரியம் இல்லை. வேறு வழி இல்லாதவன் செய்வதைத் தைரியம் என்று சொல்லிப் பாராட்டிவிட்டுப் பின்னால் போய் "பாவம்" என்கிறீர்கள். அது எனக்குக் கேட்கிறது.

மே 4

செலவு பற்றிய கேள்விகள். அரச வைத்தியசாலையில் இலவசம். இருப்பில் இல்லாதபோது வெளியே வாங்குகிறோம். 2022இல் நாடே மருந்துக்கு அலைந்தபோது நானும் பாமசி பாமசியாக அலைந்தேன். அப்போதும் வாங்கக்கூடிய விலையில் அது இருந்ததற்குச் சென்னைக்கு நன்றி சொல்லவேண்டும்.

சுவிஸ் கம்பனியான நோவார்ட்டிஸ் இந்த மருந்தின் ஒரு பளிங்கு வடிவத்துக்கு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. பழைய பொருளின் புதிய வடிவம், கூடுதல் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று 2006இல் மறுத்தார்கள். அந்தச் சட்டப் பிரிவே செல்லாது என்று கம்பனி தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1இல் இந்திய உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது. இந்தியக் கம்பனிகள் அதே மருந்தை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்குச் செய்தன. முட்டாள்கள் தினத்தில் வந்த தீர்ப்புகளில் புத்திசாலித்தனமானது அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. போன நவம்பர் கடைசி வெள்ளத்தில் படுவான்கரையின் வீதிகள் நீருக்குள் போயின. ஐப்பசி, கார்த்திகையில் கையில் சில கிழமைக்கான மேலதிகக் குளிசை இல்லாமல் இருக்காதீர்கள், கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள். ஈரம் படாத டப்பாவில், முப்பது பாகைக்கு மேல் சூடேறாத இடத்தில் வைக்கவேண்டும். அடுப்புக்கு மேல் தட்டில் வைக்கிற பழக்கத்தை விடுங்கள்.

மே 18

கூத்து அரங்கேற்றம் முடிந்தது. எழுத ஆசையாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் வடமோடிக் கூத்து. சட்டம் கொடுத்த, அதாவது ஆடுகிறவர்களுக்குப் பாத்திரம் பிரித்துக் கொடுத்த, நாளிலிருந்தே கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்குப் பக்கத்தில் இரண்டாம் மத்தளம் நான்தான். இந்தக் குளிசையின் இன்னொரு குணம், தசை பிடிப்பது. கெண்டைக்காலைப் பிடித்தால் எழுந்து உதறிவிடலாம், எனக்குக் கையையும் பிடிக்கும். அடித்துக்கொண்டிருக்கும்போதே வலது கைப் பெருவிரல் தானாக உள்ளங்கைக்குள் மடிந்துவிடும், மற்ற விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வலி ஒரு பக்கம் இருக்க, மத்தளத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழவேண்டிய அடி விழாது. ஆடுகிறவனின் கால் அந்த அடியை நம்பித்தான் தரையில் இறங்குகிறது. வைத்தியரிடம் சொன்னேன். இரத்தத்தில் கல்சியமும் மக்னீசியமும் பார்த்துக் குளிசை தந்தார். குறைந்தது, நிற்கவில்லை.

விலகிவிடுகிறேன் என்று அண்ணாவியாரிடம் போனேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "எந்த விரல்?" என்று கேட்டார். காட்டினேன். "அது மடிந்தால் இடந்தலையை மட்டும் அடி, மிச்சத்தை நான் பார்க்கிறேன். சல்லாரித் தாளம் போடுகிறவனிடமும் சொல்லிவை." வேறு ஒன்றும் பேசவில்லை. சுகம் விசாரிக்கவும் இல்லை. வருத்தம் வந்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த மிக நல்ல வைத்திய ஆலோசனைகளில் அதுவும் ஒன்று.

அரங்கேற்ற இரவு, ஒரு அரசன் வரவுக்கு ஆடும்போது பிடித்தது. இடந்தலைக்கு மாறினேன், சல்லாரி கொஞ்சம் உரத்தது, அண்ணாவியார் என் அடிகளையும் தன் மத்தளத்தில் எடுத்துக்கொண்டார். கூத்துக் களரியைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆடிய பையனுக்கு மட்டும் தெரிந்தது. முறைத்தான்.

ஜூன் 8

மகளின் புதுப் பிரச்சினை: அப்பா கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகப்போகிறாராம். உகந்தைக்குப் பின் குமண, யால காட்டு வழி. வீட்டில் போர்க்களம்.

வேண்டாம் என்பது என் கருத்து. காட்டுக்குள் நாட்கணக்கில் நடக்கவேண்டும், வெயில் கொளுத்தும், தண்ணீர் கிடைக்கும் இடம் அங்கொன்று இங்கொன்று, வயிற்றோட்டம் தொடங்கினால் வைத்தியசாலைக்கு எந்தப் பக்கமும் வழி இல்லை. இந்தக் கட்டிகளுக்கு உள்ளே இரத்தம் கசியும் குணமும் உண்டு.

ஜூன் 11

மூன்று நாளாக இது மண்டையைக் குடைகிறது. விறாந்தையை விட்டு எழும்பச் சொன்னவன் நான், இப்போது இருக்கச் சொல்வதும் நான். ஊரார் என்னிடம் மத்தளத்தை விடச் சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியும், இங்கே எழுத முடியாது.

காட்டைப் பற்றிய கருத்தில் மாற்றமில்லை. ஆனால் யாத்திரை காட்டில் தொடங்குவதில்லையே. திருக்கோவில், கோமாரி, பொத்துவில், அறுகம்பை, பாணமை, உகந்தை: பாணமை வரை தார் ரோட்டும் ஊரும், உகந்தையிலும் முருகன். அதிகாலையில் நடந்து, வெயில் ஏறுமுன் ஒரு கோயிலில் தங்கலாம். அண்ணா மோட்டார் சைக்கிளில் பின்னால் வரட்டும், தண்ணீரும் குளிசையும் அவரிடம் இருக்கட்டும். மதியம் எந்த அன்னதானத்தில் பெரிய சாப்பாடோ அங்கே குளிசை. மலம் கறுப்பாகப் போனாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே வாகனம் ஏறவேண்டும், வீம்பு கூடாது. முதலில் கிளினிக்கில் இரத்தம் பார்த்து, அவர்கள் சரி என்றால் மட்டும். இதை அப்பாவிடம் நேரில் பேசச் சொல்லுங்கள், அம்மா வழியாக அல்ல.

ஜூன் 14

கிளினிக்கில் சரி என்றுவிட்டார்களாம். ஹீமோகுளோபின் பரவாயில்லை. வைத்தியரின் ஒரே நிபந்தனை செருப்பு. நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை.

ஜூன் 29

உகந்தை வரை போய்விட்டார். பாணமைக்கு இப்பால் கால் பிடித்து ஒரு மரத்தடியில் படுத்திருக்கிறார். அண்ணா பயந்துபோய் வாகனம் தேடியிருக்கிறார், இவர் எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். காடு திறந்திருந்தது, கூட்டம் உள்ளே போனது, இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். "போயிருப்பேன், உங்கள் வாத்தியாருக்காகத் திரும்பினேன்" என்று மகளிடம் சொன்னாராம். ஐயா, பொய். அண்ணா மோட்டார் சைக்கிள் சாவியோடு பக்கத்தில் நின்றதால் திரும்பினீர்கள்.

சிறுபோகப் பயிர் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அறக்கொட்டிப் பூச்சிக்கு எந்த மருந்து என்று. எனக்குத் தெரியாது ஐயா, கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். ஸ்கான் ஓகஸ்டில்தானே, பழைய படத் தட்டை மறக்கவேண்டாம்.